சிரிஞ்சு வடிகட்டியில் தங்கிவிடும் பெப்டைடு: கேள்வி பதில்

கேள்வி (முதுகலை மாணவி): உலர்தூளாக வந்த 5 மில்லிகிராம் பெப்டைடை (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி) 1 மில்லிலிட்டர் பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) கரைத்து, பாக்டீரியாவை நீக்க, சிரிஞ்சின் முனையில் பூட்டும் 25 மில்லிமீட்டர் விட்டமும் 0.22 மைக்ரான் துளைகளும் கொண்ட வடிகட்டி வழியே செலுத்தினேன். குழாயில் 0.9 மில்லிலிட்டர்கூடத் தேறவில்லை. எங்கே தவறினேன்?

பதில்: உங்கள் கைப்பழக்கத்தில் குறையில்லை; வடிகட்டிதான் வேலைக்குப் பெரியது. 25 மில்லிமீட்டர் வடிகட்டி, பத்து மில்லிலிட்டரும் அதற்கு மேலும் வடிப்பதற்காக உருவானது. அதன் உள்ளிருக்கும் மெல்லிய வடிசவ்வின் துளைகளிலும் அதை மூடிய உறையின் இடுக்குகளிலும் ஏறத்தாழ 100 மைக்ரோலிட்டர் தங்கிவிடும். 13 மில்லிமீட்டர் வடிகட்டியில் இது 25 மைக்ரோலிட்டர் அளவுக்கு இறங்கும். 4 மில்லிமீட்டரில் பத்துக்கும் கீழே போகும். உங்கள் கரைசலில் மைக்ரோலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருப்பதால், பெரிய வடிகட்டியில் நீங்கள் விட்டுவந்தது அரை மில்லிகிராம், அதாவது வாங்கியதில் பத்தில் ஒரு பங்கு. 1 மில்லிலிட்டருக்கு 4 மில்லிமீட்டர் போதும். ஆனால் அது எளிதில் அடைத்துக்கொள்ளும் என்பதால், கரைசலை முதலில் சென்ட்ரிஃபியூஜில் (வேகமாகச் சுழற்றிக் கரையாததை அடியில் படியவைக்கும் கருவி) சில நிமிடம் சுழற்றி, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து வடிகட்டுங்கள். அடியில் வண்டல் கண்டால் பெப்டைடு முழுதும் கரையவில்லை என்று பொருள். அதைக் கரைக்கும் வழியைத் தேடாமல் வடிகட்டினால், வண்டலோடு பெப்டைடும் போய்விடும்.

கேள்வி (ஆய்வு உதவியாளர்): கடைசித் துளிகளைக் காற்றால் தள்ளலாம் என்கிறார்கள். நான் முயன்றபோது பிஸ்டன் இறுகி நின்றுவிட்டது.

பதில்: அது நிற்கத்தான் வேண்டும். நீரில் நனைந்த 0.22 மைக்ரான் சவ்வு, ஏறத்தாழ 3.5 பார் அழுத்தம் வரை காற்றை உள்ளே விடாது. ஆகவே காற்று செய்யக்கூடியது, சவ்வுக்கு மேலே நிற்கும் நீர்மத்தைக் கீழே இறக்குவது மட்டுமே. சவ்வுக்குள் ஊறியிருப்பதை அது வெளியேற்றாது. நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். முதலில் வடிகட்டி மேல்நோக்கி இருக்குமாறு சிரிஞ்சைப் பிடித்து, உறைக்குள் இருக்கும் காற்று வெளியேறி மறுமுனையில் முதல் துளி எட்டிப்பார்க்கும் வரை மெல்ல அழுத்துவேன். பிறகு தலைகீழாகத் திருப்பி, குழாயின் உட்சுவரில் முனையைத் தொடவைத்து வடிப்பேன். அப்படித் தொடவைத்தால் முனையில் தொங்கும் துளியும் வழிந்து இறங்கிவிடும். நீர்மம் தீர்ந்ததும் வடிகட்டியைக் கழற்றி, சிரிஞ்சில் கால் மில்லிலிட்டர் காற்றை இழுத்து, மீண்டும் பூட்டி, மெதுவாகத் தள்ளுவேன். பிஸ்டன் இறுகியதும் கையை எடுத்துவிட வேண்டும். 1 மில்லிலிட்டர் சிரிஞ்சின் பிஸ்டன் சிறியது என்பதால் அதே விரல் விசை அங்கே பல மடங்கு அழுத்தமாக மாறும். வற்புறுத்தினால் சவ்வு கிழியும். வடிகட்டி பூட்டியிருக்கும்போது பிஸ்டனைப் பின்னால் இழுப்பதும் அதே கேட்டைத் தரும்.

கேள்வி: சவ்வுக்குள் ஊறியதை மீட்க வழியே இல்லையா?

பதில்: உண்டு, தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும். முடிவில் 1 மில்லிலிட்டர் தேவையென்றால் 0.8 மில்லிலிட்டரில் கரைத்து வடிகட்டுங்கள்; பிறகு வெறும் பஃபர் 0.2 மில்லிலிட்டரை இரு தவணையாக அதே வடிகட்டி வழியே அனுப்புங்கள். உள்ளே நின்ற பெப்டைடின் பெரும்பகுதி பஃபரோடு வந்துவிடும். கடைசியில் உள்ளே தங்குவது நீர்த்த கரைசல்தான்.

கேள்வி (முனைவர் பட்ட மாணவர்): அளவு குறையவில்லை, ஆனால் செறிவு பாதியாகிவிட்டது. இதுவும் வடிகட்டியின் வேலையா?

பதில்: பெரும்பாலும் ஆம், ஆனால் இது வேறு வகை இழப்பு. நீர்மம் உள்ளே தங்குவது ஒன்று. பெப்டைடு மூலக்கூறுகள் சவ்வின் பரப்பில் ஒட்டிக்கொள்வது இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான தீர்வைத் தேடுவோரை நான் அடிக்கடி பார்க்கிறேன். பிரித்தறிவது எளிது. வடிகட்டுமுன் சிரிஞ்சையும் பின்னர் குழாயையும் தராசில் நிறுத்து, அவற்றின் வெற்று எடையைக் கழித்துப் பாருங்கள். நீர்த்த கரைசலில் 1 மைக்ரோலிட்டர் ஏறத்தாழ 1 மில்லிகிராம் நிற்கும். எடை சரியாக இருந்து, 280 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி உறிஞ்சல் குறைந்திருந்தால் ஒட்டுதல்தான் காரணம். உங்கள் பெப்டைடின் அமினோ அமில வரிசையில் டிரிப்டோபேனோ டைரோசினோ இல்லையென்றால் 280 உதவாது. 214 நானோமீட்டரில் அளக்க வேண்டும். சவ்வு செய்யும் பொருள்களில் நைலானும் நைட்ரோசெல்லுலோசும் பெப்டைடைப் பிடித்துவைக்கும்; நீர்விரும்பும் பிவிடிஎஃப், பாலிஈதர்சல்போன், மறுஉருவாக்கிய செல்லுலோஸ் ஆகியவை மிகக் குறைவாகவே பிடிக்கும். ஒட்டும் இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை என்பதால், செறிவான கரைசலை வடிகட்டிவிட்டுப் பின்னர் நீர்ப்பதே சிக்கனம். நீர்த்தபின் வடிகட்டினால் இழக்கும் விகிதம் கூடும்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய ஆய்வுத்தரப் பெப்டைடை வடிகட்டிவிட்டால் உடலில் செலுத்திக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. 0.22 மைக்ரான் சவ்வு பாக்டீரியாவைத் தடுக்கும். காய்ச்சலும் அதிர்ச்சியும் தரவல்ல எண்டோடாக்சினையும் (பாக்டீரியாவின் உறையிலிருந்து வரும் நச்சு) வைரசையும் தடுக்காது, குப்பியில் உள்ள பொருள் எதுவென்றும் சொல்லாது. இங்கே பேசுவது ஆய்வகச் சோதனைகளைப் பற்றி மட்டுமே.

கேள்வி (செல் வளர்ப்பு ஆய்வாளர்): என்னிடம் இருப்பதே 200 மைக்ரோலிட்டர்தான். எந்த வடிகட்டி நல்லது?

பதில்: இயன்றால் பெப்டைடை வடிகட்டவே வேண்டாம். தூள் நுண்ணுயிர் நீக்கப்பட்டது என்று தயாரிப்பாளர் சான்றளித்திருந்தால், பஃபரை மட்டும் வடிகட்டி, லேமினார் ஃப்ளோவுக்குள் (வடிகட்டிய தூய காற்று சீராக வீசும் பெட்டி) குப்பியைத் திறந்து, பெப்டைடு ஒட்டாத வகைக் குழாய்களில் கரைத்துப் பங்கிடுங்கள். பஃபரில் ஒரு மில்லிலிட்டர் வீணானாலும் யாரும் கவலைப்படப் போவதில்லை. அப்படிச் சான்று இல்லாதபோது, சென்ட்ரிஃபியூஜில் வைக்கும் 0.22 மைக்ரான் சுழல்வடிகட்டியைப் பயன்படுத்துங்கள். சுழற்சி விசையே நீர்மத்தைக் கீழே இழுப்பதால், சிரிஞ்சின் முனையிலும் ஊசியின் கழுத்திலும் தேங்கும் துளிகளின் இழப்பு அங்கே இல்லை.