ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு): சட்டம் மாறிய பிறகு சம்பளப் பிரிவுக்கு வரும் கேள்விகள்

எங்கள் பின்னலாடை நிறுவனத்தில் மேற்பார்வையாளருக்கு மாதம் 24,000 ரூபாய். வரம்பு 21,000 என்பதால் ஈ.எஸ்.ஐ. பிடித்ததில்லை. இப்போது பிடித்தாக வேண்டும் என்கிறார் ஆடிட்டர். வரம்பை ஏற்றாமலே இது எப்படி?

2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடப்புக்கு வந்தபோது வரம்பு மாறவில்லை. 'ஊதியம்' என்பதற்கான பொருள்தான் மாறியது. பழைய 1948-ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் வீட்டு வாடகைப்படி ஊதியத்தில் சேரும். இப்போது சேராது. போக்குவரத்துப்படி, ஓ.டி. (கூடுதல் நேர வேலைக்கான சம்பளம்), கமிஷன், முதலாளி கட்டும் பி.எஃப். பங்கு ஆகியவையும் வெளியேதான். ஆனால் இப்படி வெளியே வைத்தவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையை ஊதியத்தோடு சேர்க்க வேண்டும்.

உங்கள் மேற்பார்வையாளருக்கு பேசிக்கும் பஞ்சப்படியும் 13,000, வாடகைப்படி 6,000, போக்குவரத்துப்படி 2,000, ஸ்பெஷல் அலவன்ஸ் 3,000 என்று வையுங்கள். விலக்குப் பட்டியலில் ஸ்பெஷல் அலவன்ஸ் என்று ஒன்று இல்லை. பலர் சறுக்குவது இங்கேதான். ஆக ஊதியம் 16,000. வெளியே இருப்பது 8,000. பாதியான 12,000-ஐத் தாண்டவில்லை. 16,000 வரம்புக்குள் வருவதால் அவர் காப்பீட்டாளர், அதாவது ஈ.எஸ்.ஐ.யில் காப்பீடு பெற்றவர். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், 120 ரூபாய். நிறுவனப் பங்கு 3.25 சதவீதம், 520 ரூபாய்.

அதே ஆளுக்கு ஒரு மாதம் 9,000 ரூபாய் ஓ.டி. வந்தால்? மொத்தம் 33,000, வெளியே இருப்பது 17,000, பாதி 16,500. மிஞ்சும் 500 உள்ளே வந்து ஊதியம் 16,500 ஆகும். பங்கு 123.75, 536.25 என வரும். ஒவ்வொன்றையும் தனித்தனியே அடுத்த முழு ரூபாய்க்கு ஏற்றி 124, 537 என்று கட்டுங்கள்; கூட்டிய பிறகு ஏற்றக் கூடாது. 'ஓ.டி.க்கு எப்போதும் பங்களிப்பு உண்டு' என்ற பழைய சூத்திரம் மென்பொருளில் இன்னும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

ஜூலையில் சம்பளம் ஏறி ஒருவரின் ஊதியம் 23,000 ஆகிவிட்டது. ஆகஸ்டிலிருந்து நிறுத்திவிடலாமா?

கூடாது. ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று இரண்டு பங்களிப்புக் காலங்கள். காலம் தொடங்கும்போது வரம்புக்குள் இருந்தவர் அந்தக் காலம் முடியும் வரை உள்ளேதான். செப்டம்பர் 30 வரை 23,000 முழுவதற்கும் பிடிக்க வேண்டும்: 173 ரூபாயும் 748 ரூபாயும். 21,000-க்கு மட்டும் கணக்குப் போடுவது தவறு.

இடையில் நிறுத்தினால் இழப்பு தொழிலாளிக்கு. ஏப்ரல்–செப்டம்பரில் கட்டியதற்கு அடுத்த ஜனவரி–ஜூனில்தான் நோய்க்காலப் பலன் கிடைக்கும். அதற்கு 78 நாள் பங்களிப்பு வேண்டும். தினசரி ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. ஆகஸ்டில் பெயரை நீக்கி, அதனால் நாள் கணக்கு 78-க்குக் கீழே போய்விட்டால், பிப்ரவரியில் டெங்குவில் படுக்கும்போது அவர் கிளை அலுவலகத்தில் வெறுங்கையோடு நிற்கக்கூடும். சம்பளத்தோடு கொடுத்த வார விடுமுறை, பண்டிகை விடுமுறை எல்லாம் 'நாள்' கணக்கில் சேரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மொத்தம் 11 பேர். நான்கு பேர் வரம்பைத் தாண்டியவர்கள். எங்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டா?

உண்டு. சட்டம் பொருந்துவதற்கான 10 பேர் என்ற எண்ணிக்கைக்கு எல்லாரையும் எண்ண வேண்டும், ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட. பங்களிப்பு மட்டும் ஏழு பேருக்கு. பிறகு ஆள் குறைந்து எட்டானாலும் சட்டம் விலகாது. அரசு அறிவித்த அபாயகரமான தொழில் என்றால் ஒரே ஒரு ஆள் இருந்தாலும் பொருந்தும்.

ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வீடு திரும்பும்போது விபத்து. வேலையிட விபத்தாக எடுப்பார்களா?

எடுக்க வழி உண்டு. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணத்தை 2010-இலேயே ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 51இ பிரிவாகச் சேர்த்தார்கள். புதிய சட்டத்திலும் அது உண்டு. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதே தர்க்கத்தை ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே உள்ள தொழிலாளர் இழப்பீட்டு வழக்குக்கும் நீட்டியது. அதிகாலை 3 மணி வேலைக்குப் போன சர்க்கரை ஆலைக் காவலர், ஆலைக்குச் சுமார் 5 கிலோமீட்டர் முன்பாக பைக் விபத்தில் இறந்த வழக்கு அது.

நேரம், இடம், சூழ்நிலை மூன்றும் வேலையோடு ஒட்ட வேண்டும். இரவு 10-க்கு ஷிஃப்ட் முடிந்து, 12 மணிக்கு வேறு திசையில் விபத்து நடந்திருந்தால் கேள்வி எழும். அதனால் அன்றைய பஞ்ச் பதிவு, எஃப்.ஐ.ஆர்., வீட்டு முகவரிச் சான்று, வழக்கமாகப் போகும் வழியின் வரைபடம் ஆகியவற்றை உடனே எடுத்து வையுங்கள். தகவல் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் விபத்து அறிக்கையைப் பதியுங்கள். தற்காலிக ஊனப் பலன் ஊதியத்தில் 90 சதவீதம். இதற்கு 78 நாள் கணக்கு கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. ஆனால் விபத்துக்குப் பிறகு அவசரமாக எடுத்த ஐ.பி. எண் (காப்பீட்டாளர் எண்) பெரும் சந்தேகத்தைக் கிளப்பும். எண்ணை வேலைக்குச் சேரும் நாளிலேயே எடுத்துவிடுங்கள்.

பி.காம். முடித்து எச்.ஆரில் இருக்கிறேன். தொழிலாளர் சட்டத்தை முறையாகப் படிக்க எங்கே போகலாம்?

சென்னையில் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் இருக்கிறது. பட்டதாரிகளுக்கான தொழிலாளர் நிர்வாக முதுநிலை டிப்ளமோவை வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். தொழிலாளர் நல அலுவலர் பதவியை நோக்குவோருக்கு என் முதல் பரிந்துரை இதுதான். பழைய தொழிற்சாலைச் சட்டப்படி 500 தொழிலாளர் இருந்தால்தான் நல அலுவலர் கட்டாயம். புதிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு அதை 250 ஆக்கியிருக்கிறது. வாய்ப்பு கூடும்.

2025-க்கு முன் அச்சான வழிகாட்டியை மட்டும் வைத்துப் படிக்காதீர்கள். சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் நான்காம் அத்தியாயம் ஈ.எஸ்.ஐ.; ஊதிய விளக்கம் பிரிவு 2(88). அதைப் பழைய ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 2(22)-க்குப் பக்கத்தில் வைத்து, உங்கள் அலுவலகச் சம்பளச் சீட்டுகள் ஐந்தைக் கையில் எடுத்து இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மகள் நீட் எழுதுகிறாள். ஈ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரியில் தொழிலாளர் பிள்ளைகளுக்கு இடம் உண்டாமே?

உண்டு. காப்பீட்டாளர் பிள்ளை என்ற சான்றிதழ் கட்டாயம். ஈ.எஸ்.ஐ. கழக இணையதளத்தில் விண்ணப்பித்து அதை முதலில் வாங்கிவிட்டு, பிறகு எம்.சி.சி. (மருத்துவக் கலந்தாய்வுக் குழு) கலந்தாய்வில் அந்த ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐ.பி. பதிவில் மகளின் பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று இந்த வாரமே பாருங்கள். திருத்த வேண்டியிருந்தால் அதற்கும் நாள் பிடிக்கும்.