கௌர்ணா பட அட்டைகளை வாங்கலாமா?

கேள்வி: அடிலெய்டின் வடக்குப் புறநகரில் ஒரு மழலையர் மையத்தில் வேலை செய்கிறேன். 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு இந்த மண்ணின் பூர்வகுடி மக்களின் மொழியான கௌர்ணாவைத் தினமும் கொஞ்சம் பழக்கும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். 500 சொற்கள் கொண்ட பட அட்டைத் தொகுப்பு இணையத்தில் விற்கிறது, ஆசிரியருக்குச் சான்றிதழும் உண்டாம். வாங்கலாமா? தமிழச்சியான நான் இதைச் சொல்லித்தருவது சரியா?

பதில்: வாங்காதீர்கள். சொல்லித்தரலாம். ஆனால் எந்தச் சொல், எந்த உச்சரிப்பு என்று முடிவு செய்பவர்கள் கௌர்ணா மக்களாக இருக்க வேண்டும்.

இது வெறும் மரியாதைக்காகச் சொல்வதல்ல. கௌர்ணா அன்றாடம் பேசப்பட்ட காலத்து ஒலிப்பதிவு எதுவும் இல்லை. டைக்கல்மன், ஷூர்மன் என்ற இரு ஜெர்மானிய மிஷனரிகள் 1840இல் அச்சிட்ட இலக்கணமும் சொற்பட்டியலும்தான் பெரும்பகுதி ஆதாரம். அவர்கள் நடத்திய பள்ளியை 1845இல் மூடிப் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றினார்கள். இன்று காதில் விழும் கௌர்ணா அந்த ஏடுகளிலிருந்து சமூகமே மீட்டெடுத்தது. 2002இல் உருவான ‘கௌர்ணா வர்ரா பின்ட்யந்தி’ குழு உச்சரிப்பையும் புதுச்சொற்களையும் கௌர்ணாப் பெயர் கேட்டு வரும் விண்ணப்பங்களையும் கவனிக்கிறது. 2010இல் எழுத்துமுறையே திருத்தப்பட்டது.

அட்டையைச் சோதிக்கும் வழியும் அதில்தான் இருக்கிறது. ‘வீடு’ என்பதற்கு ‘வர்ட்லி’ என்று இல்லாமல் பழைய ‘வொட்லி’ இருந்தால், பழைய ஏட்டைப் பார்த்து யாரோ காப்பியடித்திருக்கிறார்கள். ‘பூர்வகுடிச் சொற்கள்’ என்று மட்டும் போட்டு மொழியின் பெயரே இல்லாத அட்டையைத் தொடவே வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. அவற்றில் எந்த மொழிச் சொல்லை எந்த மண்ணில் சொல்லித்தருகிறீர்கள்?

நிதியாண்டு ஜூன் 30இல் முடிவதால், மிச்சப் பணத்தைச் செலவழிக்க மையங்கள் பறக்கும் மே மாதத்தில்தான் இந்த வியாபாரிகளின் மின்னஞ்சல்கள் குவியும். தர மதிப்பீட்டுக்கு வருபவர்களும் சுவரில் ஒட்டிய படத்தைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். குழந்தை வாய் திறந்து பேசுகிறதா என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? ‘மூத்தவர்களின் குரலைப் பதிந்து செயலி செய்து தருகிறோம்’ என்று ஆலோசகர் யாராவது வந்தால், ஒப்பந்தத்தில் பதிவின் உரிமை யாருக்கு என்ற வரியைத் தேடிப் படியுங்கள். அந்த நிறுவனத்துக்கு என்றிருந்தால் கையெழுத்து வேண்டாம். தொகுப்போடு வரும் சான்றிதழ் வெறும் காகிதம். அழியும் நிலையிலுள்ள பூர்வகுடி மொழியைக் கற்பதற்கென்றே முறையான மூன்றாம் நிலைச் சான்றிதழ்ப் படிப்பு தனியாக இருக்கிறது.

இனி செய்ய வேண்டியது. முதலில் ‘கௌர்ணா வர்ரா பின்ட்யந்தி’ குழுவுக்கு எழுதுங்கள். பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம். அதற்குள் எதையும் அச்சடிக்காதீர்கள். அட்டைக்கு ஒதுக்கிய பணத்தைக் கௌர்ணா ஆசிரியர் ஒருவரின் வருகைக்கும் தயாரிப்பு நேரத்துக்கும் மணிக்கணக்கில் கொடுங்கள். தேநீரும் நன்றிக் கடிதமும் சம்பளம் ஆகாது.

பத்து வாரப் பருவத்துக்கு மூன்றே தொடர்கள் போதும். அவற்றை வணக்கம், கைகழுவல், சாப்பாடு என்று ஏதாவது ஒரு வேளையோடு கட்டிப்போடுங்கள். அந்த வேளையில் சமையல்காரர் உட்பட எல்லா ஊழியர்களும் அதையே சொல்ல வேண்டும். நீங்கள் ஒருவர் மட்டும் சொன்னால் உங்கள் விடுப்பு நாளில் மொழியும் விடுப்பு எடுத்துக்கொள்ளும். விலங்குப் பெயர்ப் பட்டியல் தோற்பதற்குக் காரணமும் இதுதான்: முப்பது விலங்கைச் சொல்லும் குழந்தைக்குத் தண்ணீர் கேட்கத் தெரியாது.

‘நலமா?’ என்று ஒரு குழந்தையிடம் கேட்டால் ‘நீனா மணி?’, இருவரிடம் ‘நிவ மணி?’, மூவர் அல்லது அதற்கு மேல் என்றால் ‘நா மணி?’. வட்டமாக உட்கார்ந்த இருபது பேரிடம் ‘நீனா’ என்று கேட்பது மலிவான அட்டைகள் பரப்பிய பிழை. ஆங்கில எழுத்தில் ‘ஆர்’, ‘என்’ சேர்ந்து வந்தால் அது நம் ண. ‘மார்னி’ என்று இழுக்காதீர்கள். அழுத்தம் முதல் அசையில் விழும். ண, ன, ந பேதம் பழகிய நாக்கு உங்களுக்குக் கைகொடுக்கும். ஆனாலும் ஆசிரியரின் ஒலிப்பதிவை அனுமதியோடு வாங்கி, ஊழியர்களுக்கும் பெற்றோருக்கும் அனுப்புங்கள்.

நியூசிலாந்தில் 1982இல் தொடங்கிய ‘மொழிக்கூடு’ (முழுக்க மாவோரி மொழியிலேயே நடக்கும் மழலையர் பள்ளி) மாதிரியை யாராவது விற்க வந்தால் மறுத்துவிடுங்கள். அங்கே சரளமாகப் பேசும் பாட்டி தாத்தாக்கள் இருந்தார்கள். இங்கே பெரியவர்களும் குழந்தைகளோடு சேர்ந்தே கற்கிறார்கள்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் வடமேற்கிலிருந்து வந்த குடும்பத்துக் குழந்தை உங்கள் மையத்தில் இருந்தால், அதன் வீட்டு மொழி பிட்ஜன்ட்ஜாராவாக இருக்கலாம். அது இன்றும் தினசரி பேசப்படும் மொழி, அதற்கு மீட்பு தேவையில்லை. அந்தக் குழந்தையைக் கௌர்ணா பாடத்துக்கு உதவியாளராக்காதீர்கள், ‘உனக்குத் தெரியுமே’ என்று முன்னால் நிறுத்தாதீர்கள். இரண்டு மொழியிலும் உணவு ‘மை’தான், ஆனால் தண்ணீர் பிட்ஜன்ட்ஜாராவில் ‘கபி’, கௌர்ணாவில் ‘கௌவி’. குழந்தை ‘கபி’ என்று கேட்டால் திருத்தாமல் தண்ணீர் கொடுங்கள். அதன் தாயிடம் ‘வீட்டில் உங்கள் மொழியிலேயே பேசுங்கள்’ என்று சொல்லுங்கள். சேர்க்கைப் படிவத்தின் வீட்டு மொழிக் கட்டத்தில் ‘ஆங்கிலம்’ என்று யாரோ எழுதியிருந்தால் அதையும் மாற்றி எழுதச் சொல்லுங்கள்.