கேரவன் கூரைக் கண்ணாடி ஒழுகினால்: கேள்வி பதில்

கும்பகோணத்தில் வண்டிக்கு பாடி கட்டுகிறவன் நான். ஐப்பசி பிறந்தால் கேரவன், வேன் வைத்திருப்பவர்கள் கேட்பதெல்லாம் மேல்கண்ணாடி ஒழுகுவதைப் பற்றித்தான். இந்த வாரம் வந்த கேள்விகள் இவை.

அண்ணே, கண்ணாடி நடுவில் இருக்கிறது. சொட்டுவது இரண்டடி தள்ளிப் படுக்கை மேல். அப்போ கோளாறு வேறு எங்கேயோதானே? (திருவாரூர்)

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள் தம்பி. தண்ணீர் நுழைகிற இடம் ஒன்று, சொட்டுகிற இடம் ஒன்று. கூரைத் தகட்டுக்கும் உள் பிளைவுட்டுக்கும் நடுவே சட்டத்தோடு ஓடி, வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறதோ அங்கே இறங்கும். கண்ணாடியைச் சுற்றியுள்ள உள் வளையத்தைக் கழற்றிவிட்டு ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். இன்னொருவர் மேலே ஹோஸ் பிடித்து, தாழ்வான ஓரத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு பக்கமாக ஐந்து நிமிஷம் மெதுவாக விடட்டும். எடுத்ததும் மேட்டிலிருந்து விட்டால் எல்லாம் ஒன்றாக நனைந்துவிடும், ஒன்றும் பிடிபடாது. அப்படியே கண்ணாடிக்காகக் கூரையில் வெட்டிய வாயின் ஓரத்துப் பிளைவுட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஊறின அவல் மாதிரி அமுங்கினால், அந்தக் கட்டையை மாற்றாமல் மேலே என்ன பூசினாலும் வீண்.

மூன்று தடவை சிலிக்கான் அடித்தாயிற்று. இன்னும் ஒழுகுகிறதே? (மன்னார்குடி)

பழைய சிலிக்கான் மேல் எதுவும் ஒட்டாது, புது சிலிக்கான்கூட. எத்தனை தடவை அடித்தாலும் அது மேலே கிடக்கும், அடியில் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். மனசைத் திடப்படுத்திக்கொண்டு கண்ணாடியை முழுசாகக் கழற்றுங்கள். பிளாஸ்டிக் சுரண்டியால் பழையதை ஒரு துணுக்கு விடாமல் எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். தின்னரும் அசிட்டோனும் வேண்டவே வேண்டாம். கண்ணாடி என்று சொன்னாலும் அது அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட் பிளாஸ்டிக்; இரண்டுமே அதில் மயிரிழையாக விரிசல் விடும். விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் ஓடவேண்டும். ஸ்க்ரூவை எதிரெதிர் மூலையாக, டேப் ஓரத்தில் லேசாகப் பிதுங்கும்வரை மட்டும் முடுக்குங்கள். மறுநாள் டேப் அமுங்கியிருக்கும், அரைச் சுற்று கொடுங்கள். ஸ்க்ரூ தலைகள் மேலும் விளிம்பிலும் கூரைக்கென்று வரும் லேப் சீலன்ட் என்ற பசையைப் பூசுங்கள். எம்சீல் வேண்டாம், அது விறைத்துப்போகும். வெயிலில் பாலிகார்பனேட் இரும்பைவிட ஐந்து மடங்கு விரியும், விறைத்தது விட்டுவிடும். ஸ்க்ரூ ஓட்டையையும் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒன்று) பெரிதாகப் போடச் சொல்வது இதனால்தான்.

கண்ணாடியிலேயே கீறல். ஒட்டலாமா, மாற்றலாமா? (மயிலாடுதுறை)

மாற்றுங்கள். டேப் ஒட்டினால் வீடு வந்து சேரலாம், அவ்வளவுதான். புதிது வாங்க வெளி விளிம்பை அளக்காதீர்கள், கூரையில் வெட்டியிருக்கும் வாயை அளங்கள். காற்றுப்போக்கி வைத்த சதுரமென்றால் பெரும்பாலும் 14 அங்குலத்துக்கு 14 அங்குலம் இருக்கும்.

கடலோரமே வண்டி நிற்கிறது. ஸ்க்ரூவெல்லாம் துரு. (நாகப்பட்டினம்)

316 ரக ஸ்டெயின்லெஸ் கேட்டு வாங்குங்கள். உப்புக்காற்றுக்கு 304-ஐவிட அது தாங்கும்.

ஐயா, மார்கழியில் மழையே இல்லை. விடிகாலையில் மட்டும் கண்ணாடியிலிருந்து சொட்டுகிறது. (வலங்கைமான்)

அது ஒழுகல் இல்லை அம்மா. உள்ளே தூங்குகிறவர்களின் மூச்சும் அடுப்பு ஆவியும் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு வேர்க்கிறது. எதையும் பிரிக்க வேண்டாம். ராத்திரி ஒரு ஜன்னலை இரண்டு விரல் திறந்து வைத்துப் படுங்கள்.