முதல் மேடை, அஞ்சு நிமிஷம் – கடிதமும் பதிலும்

அக்காவுக்கு வணக்கம்,

நான் மதுரைக்காரன், வேலைக்காக தென்னாப்பிரிக்காவுல டர்பன் வந்து, உம்ஷ்லாங்கா ஏரியாவுல இருக்கேன். காலேஜ்ல மிமிக்ரி பண்ணுவேன். ஆபீஸ்ல எல்லாரும் உசுப்பேத்தி விட்டு, ஒரு பார்ல நடக்குற ஓப்பன் மைக்குக்கு (யார் வேணா பேர் குடுத்து மேடை ஏறலாம்) பேர் குடுத்துட்டேன். அஞ்சு நிமிஷம், இங்கிலீஷ்ல. தனியா நின்னு ஜோக் சொல்ற ஸ்டாண்ட்-அப் காமெடி இதுதான் முத தடவ. இங்க உள்ள தமிழங்களப் பத்தி பேசலாம்னு இருக்கேன். பேரு கோவிந்தசாமி, முனுசாமினு இருக்கும், ஆனா ஒரு வார்த்த தமிழ் வராது. கோயில்ல தேவாரத்தையே இங்கிலீஷ் எழுத்துல வச்சுதான் பாடுறாங்க. இந்திய வம்சாவளிக்காரங்க நெறைய இருக்குற சாட்ஸ்வொர்த் ஏரியா ஆன்ட்டிங்க மாதிரி இங்கிலீஷ் பேசிக் காட்டுனா ஆபீஸ்ல விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. இது வொர்க் ஆகுமா? யாரும் சிரிக்கலன்னா என்ன பண்றது? நெனச்சாலே வயித்தக் கலக்குது.

(பேர் போட்றாதீங்க அக்கா)

அன்புள்ள தம்பி,

வயித்தக் கலக்குனா நல்லதுதான், கலக்காதவன் கையில மைக் கெடச்சா எறங்கவே மாட்டான், அந்தக் கொடுமையெல்லாம் நான் நெறைய பாத்துட்டேன்.

ஆன்ட்டி இங்கிலீஷ் பேசிக் காட்டுனா சிரிப்பு வரும், கண்டிப்பா வரும், பிரச்சனையே அதான். உங்க ஆபீஸ்ல சிரிச்சது யாரு? சென்னைல இருந்தும் ஹைதராபாத்ல இருந்தும் விசா எடுத்து வந்தவங்க. பார்ல மொத வரிசைல உக்காரப் போறது அந்த ஆன்ட்டியோட மகன். இந்த ஊர் காமெடியன் அதே குரல எடுத்தா அது அவன் வீட்டுக் குரல், அவன் அம்மா அவன அந்தக் குரல்லதான் திட்டி வளத்துருக்கா. நீங்க எடுத்தா "இவன் யாருடா புதுசா"ம்பான். இந்த நாட்டு காமெடியன் ட்ரெவர் நோவா எல்லா ஆக்சென்ட்டும் போடுறாரேனு கேப்பீங்க. அவரு கோசா இனத்துக் கறுப்பின அம்மாவுக்கும் வெள்ளைக்கார சுவிஸ் அப்பாவுக்கும் பொறந்தவரு, 1984ல அவர் பொறந்தப்ப அந்த மாதிரி உறவே இந்த நாட்டுல சட்டப்படி குத்தம், அவர் சொல்ற குடும்பக் கதைல எல்லாம் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறது அவரேதான்.

இன்னொன்னு, "தமிழ் வராது"னு ஒரே வரில சொல்லிட்டீங்க. 1860 நவம்பர்ல மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோ கப்பல் இங்க வந்துச்சு, 1911 வரைக்கும் மொத்தம் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல ஒப்பந்தக் கூலியா வந்தாங்க, முக்காவாசி நேரம் கரும்புத் தோட்டம், அப்புறம் 1950ல எந்த இனம் எங்க குடியிருக்கணும்னு பிரிக்குற குரூப் ஏரியாஸ் சட்டம்னு ஒன்னு போட்டு ஊருக்குள்ள வீடு வாசலோட இருந்தவங்கள எல்லாம் கெளப்பி சாட்ஸ்வொர்த்துலயும் பீனிக்ஸ்லயும் கொண்டு போய் தள்ளுனாங்க, பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ், வேலைல இங்கிலீஷ். பேச்சு போச்சு, காவடி போகல, கூழ் ஊத்துறது போகல, குட் ஃப்ரைடே அன்னைக்கு தீ மிதிக்கிறாங்க. (இதையெல்லாம் மேடைல பாடம் எடுத்துடாதீங்க, பாட்டில் பறக்கும்.) உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா போதும், ஜோக்க யார் பக்கம் திருப்புறதுன்னு தானா வெளங்கிடும்.

ஆனா உங்க லெட்டர்லயே ஒரு நல்ல ஜோக் இருக்கு, கவனிக்காம தாண்டிப் போயிட்டீங்க. தேவாரம். நீங்க கோயிலுக்குப் போறீங்க, பக்கத்துல ஒரு தாத்தா இங்கிலீஷ் எழுத்துல இருக்குற புக்க வச்சுக்கிட்டு "தோடுடைய செவியன்" பாடுறாரு, மதுரைக்காரனுக்கு மனசுக்குள்ள ஒரு இளக்காரம், நமக்குத்தான் தமிழ் தெரியுமேன்னு நாமளும் கூடப் பாடலாம்னு வாயத் தொறக்குறீங்க, ரெண்டாவது வரி தெரியல. தாத்தா புக்க உங்க பக்கம் நகத்துறாரு. நீங்க அதுல இங்கிலீஷ் எழுத்தப் பாத்து தட்டுத் தடுமாறிப் பாடுறீங்க. இத அந்த ஆன்ட்டி மகன் முன்னாடி சொல்லிப் பாருங்க, அவன் டேபிளத் தட்டுவான். உங்களுக்கு நெஜமாவே ரெண்டாவது வரி தெரியும்னா கோச்சுக்காதீங்க, மேடைல தெரியாதுன்னே வச்சுக்கோங்க.

சொல்லும்போது, சிரிப்பு எந்த வார்த்தைல வெடிக்குதோ அந்த வார்த்த கடைசில வரணும். "புக்க நகத்துனாரு"ன்னு முடிச்சா அங்கயே நிறுத்துங்க. "ஏன்னா எனக்குத் தெரியலனு அவருக்குப் புரிஞ்சிருச்சு"னு வெளக்கம் குடுத்தா சிரிக்க வாயத் தொறந்தவன் மூடிக்குவான். மொத தடவ ஏறுறவங்க பாதிப் பேர் இங்கதான் கெடுத்துக்குறாங்க, ஒரு செகண்ட் அமைதிய தாங்க முடியாம அடுத்த வரிய அதுக்கு மேலயே போட்டு அமுக்கிடுறாங்க.

அஞ்சு நிமிஷம்னா நாலு நிமிஷத்துக்கு எழுதுங்க, சிரிப்பும் நேரத்த சாப்பிடும், நேரம் முடியப் போகுதுன்னு ஹால் பின்னாடி லைட் காட்டுனா முடிச்சுட்டு எறங்கிடணும். ஸ்டாண்ட்ல இருந்து மைக்க எடுத்தா ஸ்டாண்ட உங்களுக்குப் பின்னாடி தள்ளி வைங்க, நடுவுல கம்பு மாதிரி நின்னா கண்ண உறுத்தும். "இது எனக்கு முத தடவ, மன்னிச்சுக்கோங்க"னு ஆரம்பிக்காதீங்க, பிச்ச எடுக்குற மாதிரி இருக்கும். பன்னி சௌ (பிரெட்டக் கொடஞ்சு உள்ள கறிக்குழம்பு ஊத்தித் தர்ற இந்த ஊர் சாப்பாடு) ஜோக் வேண்டவே வேண்டாம், அத வச்சு இந்த ஊர்ல சொல்லாதது எதுவும் பாக்கி இல்ல. ஆபீஸ் கும்பலையும் கூட்டிட்டுப் போகாதீங்க, அவங்க பாசத்துல சிரிப்பாங்க, எது நல்ல வரி எது சொத்தனு கடைசி வரைக்கும் தெரியாமப் போயிடும்.

யாரும் சிரிக்கலன்னா? ஒன்னும் ஆகாது, அடுத்த ஆளு பேரக் கூப்பிடுவாங்க, அவ்வளவுதான். அமெரிக்காவுல பெரிய காமெடியன் ஜெர்ரி சைன்ஃபெல்ட் மொத தடவ ஏறுனப்ப எல்லாமே மறந்து போய் "பீச்... டிரைவிங்... பேரன்ட்ஸ்"னு தலைப்ப மட்டும் சொல்லிட்டு எறங்குனதா அவரே சொல்லியிருக்காரு. மொத வரியும் கடைசி வரியும் மட்டும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வர்ற மாதிரி வச்சுக்கோங்க, நடுவுல மறந்தா நேரா கடைசிக்குத் தாவிடலாம்.

ஃபோன ரெக்கார்டிங்ல போட்டு சட்டைப் பைல வச்சுக்கிட்டு ஏறுங்க. அன்னைக்கு ராத்திரியே கேக்காதீங்க, ஒன்னு தலைக்கு ஏறிடும், இல்லன்னா அழுக வரும். ரெண்டு நாள் கழிச்சு ஒரு பேப்பர வச்சுக்கிட்டு கேளுங்க, சிரிச்ச எடத்துல கோடு போடுங்க, சிரிக்காத வரி உங்களுக்கு எவ்வளவு புடிச்சிருந்தாலும் தூக்கிருங்க, மிச்சத்த வச்சுக்கிட்டு அடுத்த ஓப்பன் மைக்குக்கு பேர் குடுத்துருங்க.

அன்புடன்,
அக்கா