வாத்தியாரைக் கேளுங்கள்

கேள்வி: 193 நாடுகள் உள்ள ஐ.நா.வில் ஐந்து நாடுகளுக்கு மட்டும் ஏன் வீட்டோ? அதை மாற்றவே முடியாதா?
- கல்லூரி மாணவி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: என் அப்பா உங்கள் ஊர்க்காரர், மகளே. அம்மாவுக்குப் புதுச்சேரி முத்தியால்பேட்டை. 1945-ல் ஐ.நா. சாசனம் எழுதியபோது அப்பா பிரிட்டிஷ் பிரஜை, அம்மா பிரெஞ்சு ஆட்சியில். வீட்டோ என்றால் முக்கியத் தீர்மானத்தை ஒரே நாடு தனியாகத் தடுக்கும் அதிகாரம்; அது அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஐந்துக்கும்தான். நம் இரண்டு ஊரையும் ஆண்ட இருவருமே அந்த வீட்டோவோடு எழுந்து போனார்கள். இந்தியக் குழுவுக்குத் தலைவராகப் போனவர் ஆற்காடு ராமசாமி முதலியார். நம்மவர்தான், அனுப்பியது வெள்ளைக்கார சர்க்கார். அன்றைய 51 நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் நான்கே நான்கு. இன்று 54. பாதுகாப்புக் கவுன்சிலில் வீட்டோ உள்ள நிரந்தர இடம் அவர்களுக்கு ஒன்றுகூடக் கிடையாது.

1965-ல் ஒரே ஒரு முறை பாதுகாப்புக் கவுன்சிலைப் பெரிதாக்கினார்கள், 11 இடம் 15 ஆனது. கூடியதெல்லாம் இரண்டு வருஷத்துக்குத் தேர்ந்தெடுக்கும் இடங்கள்தான். சாசனத்தின் 108-வது பிரிவுதான் முட்டுக்கட்டை: திருத்தத்தை மூன்றில் இரண்டு பங்கு நாடுகள் ஏற்க வேண்டும், அந்த ஐந்து நாடுகளும் ஒருவர் விடாமல் அங்கீகரிக்க வேண்டும். வாடகைக்காரனைக் காலி செய்ய அவன் கையெழுத்தே வேண்டும் என்பதுபோல.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பிரதிநிதிகள் ஓட்டுப்போட்டார்கள். இந்தியாவோடு இணைப்புக்கு 170, எதிராக 8. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. ஆனால் பாரிஸ் ஒப்புதல் தந்து சட்டப்படி முடிந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். "எட்டு வருஷம் நீ எந்த நாட்டுக்காரி?" என்று அப்பா கடைசிவரை அம்மாவைச் சீண்டுவார்.

கேள்வி: இந்தியாவுக்கு நிரந்தர இடம் கிடைத்தால் ஏழை நாடுகளின் குறை தீருமா?
- ஆட்டோ ஓட்டுநர், லாஸ்பேட்டை

பதில்: எனக்குச் சந்தேகம்தான். நாம் எட்டு முறை தேர்தலில் ஜெயித்துப் போய் உட்கார்ந்திருக்கிறோம், கடைசியாக 2021-22-ல். நிரந்தர இடம் கேட்டு நம்மோடு நிற்பவர்கள் பிரேசில், ஜெர்மனி, ஜப்பான். இதில் பின்னிரண்டையும் ஏழை என்று யார் சொல்வார்? இத்தாலியும் பாகிஸ்தானும் புதிய நிரந்தர இடமே வேண்டாம் என்கின்றன.

ஆப்பிரிக்கர்கள் 2005-லேயே சுவாசிலாந்து நாட்டின் எசுல்வினியில் கூடித் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: வீட்டோவோடு இரண்டு நிரந்தர இடம், மொத்தம் ஐந்து தேர்தல் இடம். 2024-ல் அமெரிக்கா, இரண்டு இடம் தரலாம், வீட்டோ கிடையாது என்றது. கல்யாணத்துக்கு வரலாம், பந்தியில் உட்காரக் கூடாது! நான் அவர்கள் இடத்தில் இருந்தால் எழுந்து வந்திருப்பேன். நீங்கள் சவாரி இல்லாத நாளில் கிடைத்ததை ஏற்பவர். உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம்.

கேள்வி: வீட்டோவுக்கு நல்ல தமிழ்ச் சொல் உண்டா?
- தமிழாசிரியை, வில்லியனூர்

பதில்: 'தடுப்பதிகாரம்', 'மறுப்புரிமை' என்றெல்லாம் எழுதுகிறார்கள், அம்மா. எனக்கு முதல் சொல்தான் பிடிக்கும். மற்றதில் உரிமை என்று ஒட்டிக்கொண்டிருக்கிறதே.