கேளுங்க சொல்றோம்: காலேஜ் கோச்சுக்கு சிலையா?

கேள்வி: அமெரிக்காவுல ஒரு காலேஜ் ஃபுட்பால் கோச்சுக்கு உயிரோட இருக்கும்போதே சிலை வெச்சிருக்காங்களாமே, நெஜமாவா?

நெஜம்தாங்க. நிக் சேபன். அலபாமா யுனிவர்சிட்டி ஸ்டேடியம் வாசல்ல 2011-லயே வெச்சுட்டாங்க. (இது காலால உதைக்கிற ஃபுட்பால் இல்ல, ஹெல்மெட் போட்டுட்டு மோதிக்கிறாங்களே, அது.) 2007-ல வந்த முதல் வருஷம் 7 ஜெயிச்சு 6 தோத்தாரு, லூசியானா-மன்ரோன்னு ஒரு சின்ன டீம்கிட்ட கூட சொந்த மண்ணுலயே உதை வாங்குனாரு. அப்புறம் 2009, 2011, 2012, 2015, 2017, 2020-ன்னு ஆறு சாம்பியன்ஷிப்! அதுக்கு முன்னாடி லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டியில (எல்.எஸ்.யூ.) 2003-ல ஒண்ணு, ஆக மொத்தம் ஏழு.

கேள்வி: இவ்ளோ கெட்டிக்காரர் என்.எஃப்.எல்.னு சொல்ற புரொஃபஷனல் லீக்ல மட்டும் ஏன் மண்ணைக் கவ்வினார்?

செம கேள்வி. மயாமி டால்ஃபின்ஸ் டீம்ல 2005, 2006 ரெண்டு சீசன், 15 வெற்றி 17 தோல்வி. அங்க டிராஃப்ட்னு ஒரு முறை இருக்கு, போன வருஷம் கடைசியா வந்த டீம்தான் புதுப் பசங்கள்ல முதல்ல ஆளைப் பொறுக்கும், சம்பளத்துக்கும் உச்சவரம்பு, அதனால நல்ல பசங்களை எல்லாம் ஒரே ஆள் அள்ளிட்டுப் போக முடியாது. காலேஜ்ல அப்டி இல்லயே, கோச் நேரா பையன் வீட்டுக்கே போய் அப்பா அம்மாகிட்ட உக்காந்து பேசி கூட்டிட்டு வந்துடலாம், அந்த வித்தையில சேபனை மிஞ்ச ஆளே இல்ல. என்னைக் கேட்டா அந்த ஏழு கப்புல பாதி அந்த வீட்டு ஹால்லயே ஜெயிச்சதுதான். அப்புறம் இன்னொண்ணு, 'நான் அலபாமாவுக்குப் போகல'ன்னு 2006 டிசம்பர்ல அடிச்சு சொன்ன மனுஷன் அடுத்த மாசமே எட்டு வருஷத்துக்கு 3.2 கோடி டாலர்னு அங்கயே கையெழுத்து போட்டாரு, மயாமிக்காரங்க ரொம்ப நாள் மறக்கவே இல்ல.

கேள்வி: எப்பப் பாத்தாலும் 'ப்ராசஸ்'னு சொல்வாராமே, அது என்ன மந்திரம்?

மந்திரமும் இல்ல மாயமும் இல்ல. ஸ்கோர்போர்டை மறந்துடு, இப்ப ஆடுற ஒரே ஒரு பிளே, சுமாரா ஏழு செகண்ட், அதை ஒழுங்கா ஆடு, முடிஞ்சா அடுத்தது. மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டியில கோச்சா இருந்தப்போ அங்க இருந்த ஒரு மனநல டாக்டர் சொல்லிக் குடுத்தது. ஆனா விதை அதுக்கும் முன்னாடியே விழுந்திருக்கு, மேற்கு வர்ஜீனியாவுல அவங்கப்பா வெச்சிருந்த பெட்ரோல் பங்க்ல சின்ன வயசுல கார் கழுவுவாராம், ஒரு கோடு தெரிஞ்சாலும் அப்பா முழுக்க மறுபடி கழுவ சொல்லிடுவாராம்.

கேள்வி: அவர்கிட்ட வேலை பாத்த உதவி கோச்சுங்க அவரை ஜெயிச்சதே இல்லையா?

24 மேட்ச் வரைக்கும் ஒருத்தராலயும் முடியல. 2021 அக்டோபர்ல ஜிம்போ ஃபிஷர் முதல்ல உடைச்சாரு, 2022 ஜனவரி ஃபைனல்லயே கர்பி ஸ்மார்ட் சாத்திட்டாரு.

கேள்வி: நல்லா போயிட்டிருக்கும்போதே ஏன் விட்டாரு?

2024 ஜனவரியில ரிடையர் ஆகும்போது வயசு 72, அது ஒரு காரணம். ஆனா 2021-ல இருந்து பசங்க தங்களோட பேரை வெச்சு விளம்பரத்துல சம்பாதிக்கலாம், ஒரு வருஷம் சும்மா உக்காராம வேற காலேஜுக்கும் தாவலாம்னு ஆயிடுச்சு. பசங்களுக்கு அது நியாயம்தான், எனக்கு அதுல மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா வீடு வீடா போய் கூட்டிட்டு வந்த பையனே அடுத்த சீசன் எவ்ளோ தருவீங்கன்னு கேட்டா, பழைய ஆளுக்கு அலுக்காதா? இப்ப டிவியில உக்காந்து மத்த கோச்சுங்களை அலசிட்டிருக்காரு.