அட்வான்ஸ் பணம் அண்ணனுக்கா?

கேள்வி: திருச்சியில் இருக்கிறேன். முன்பு பள்ளி ஆசிரியை. ஆறு வருடமாக ஏப்ரல், மே மாதங்களில் 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளை ஏற்காட்டுக்கு ஐந்து நாள் சம்மர் கேம்ப் அழைத்துப் போகிறேன். மூன்று பேட்ச், பேட்ச்சுக்கு 40 பேர், தலைக்கு ரூ.6,500. மார்ச்சில் ரூ.3,000 அட்வான்ஸ் வாங்குவேன். கூட்டம் குறைவதில்லை, ஆனால் கையில் காசு நிற்பதில்லை. இந்த மார்ச்சில் அண்ணன் கடைக்குச் சரக்கு எடுக்க ‘பத்தே நாள்’ என்று ரூ.1.5 லட்சம் வாங்கினார். செப்டம்பர் ஆகியும் வரவில்லை. தங்குமிடத்துக்கு கிரெடிட் கார்டில் கட்டினேன், அந்த பாக்கி அப்படியே நிற்கிறது. டெம்போ டிராவலர் கடனில் வாங்கினால் வாடகை மிச்சமாகுமா? அட்வான்ஸை இரண்டு மாதம் ஸ்மால்கேப் ஃபண்டில் (சிறு நிறுவனப் பங்குகளில் போடும் ஃபண்ட்) போடலாமா?

பதில்: வண்டியையும் ஃபண்டையும் பிறகு பார்ப்போம். உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அந்தப் ‘பத்தே நாள்’தான்.

மார்ச்சில் உங்களிடம் சேருவது 120 பிள்ளைகளின் ரூ.3.6 லட்சம். அதில் ஒரு ரூபாய்கூட இன்னும் உங்களுடையதில்லை. பிள்ளைகள் மலையிலிருந்து இறங்கி வீடு சேரும்வரை அது நீங்கள் பெற்றோருக்குத் தர வேண்டிய கடன். மே மாதம் ஒரே தெருவில் ஒன்பது பிள்ளைகளுக்கு அம்மை போட்டு அவர்கள் வர முடியாமல் போனால் ரூ.27,000 திருப்பித் தர வேண்டும். அன்றைக்கு அண்ணன் கடைச் சரக்கைக் காட்டி என்ன சொல்வீர்கள்? பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ‘பணம் இன்னும் வரவில்லை’ என்று போட்டால் அடுத்த வருடப் பேட்ச் அங்கேயே கலைந்துவிடும்.

நீங்கள் அனுப்பிய செலவுக் கணக்குப்படி ஒரு பிள்ளைக்குத் தங்கல், சாப்பாடு, வண்டி, பயிற்சியாளர், டி-சர்ட் எல்லாம் சேர்த்து சுமார் ரூ.5,500. மீதி ரூ.1,000. ஆக, சீசன் லாபம் 1.2 லட்சம். கார்டு பாக்கி 1.5 லட்சத்துக்கு மாதம் 3.5 சதவீத வட்டி, அதன் மேல் ஜிஎஸ்டி. மாதம் 6,200 போகிறது. ஐந்து மாதத்தில் 31,000. லாபத்தில் கால் பங்கை கார்டு கம்பெனி தின்றாகிவிட்டது. மினிமம் ட்யூ, அதாவது பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் இது நிற்காது. வங்கியில் ஆண்டுக்கு 9, 10 சதவீதத்தில் நகைக்கடன் எடுத்து கார்டு பாக்கியை முதலில் அடைத்துவிடுங்கள். வட்டி மாதம் 1,250க்குள் முடியும். அண்ணன் தருவதெல்லாம், ஐயாயிரமோ பத்தாயிரமோ, நேராக அந்த நகைக்கடனுக்குப் போகட்டும்.

அட்வான்ஸுக்கென்றே தனி சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். அதற்கு யுபிஐ வேண்டாம், ஏடிஎம் கார்டும் வேண்டாம். தங்குமிடம், வேன்காரர், மளிகை பில்லுக்கு மட்டும் காசோலை. லாபத்தை ஒவ்வொரு பேட்ச்சும் திரும்பிய பிறகு எடுங்கள். அண்ணன் கேட்டால், “அது பிள்ளைங்க பணம்ணா, ஜூன்ல கேளுங்க” என்று சொல்லுங்கள். ஜூனிலும் உங்கள் லாபத்திலிருந்து, திரும்பி வராவிட்டாலும் வருத்தப்படாத தொகையை மட்டும் கொடுங்கள். ரூ.20,000க்கு மேல் வேண்டாம். அண்ணியின் காதிலும் இதைப் போட்டு வைப்பது நல்லது.

ஸ்மால்கேப் ஃபண்டா? இரண்டு மாதப் பணத்துக்கா? இதை உங்களுக்குச் சொன்னவர் யாரோ! அதற்குள் விலை இறங்கினால் பெற்றோருக்கு எதைத் தருவீர்கள்? வங்கியில் குறுகிய கால வைப்பில் போட்டால் சுமார் மூவாயிரம் கிடைக்கும். அதுவே போதும்.

வண்டிக்கு டீலர் சொன்ன தவணை மாதம் 32,000. வருடத்துக்கு 3.84 லட்சம். இப்போது பேட்ச்சுக்கு இரண்டு வேன் 44,000 வீதம் மொத்த வாடகையே 1.32 லட்சம்தான். ஒரு வண்டி வாங்கினால் அதில் பாதி, 66,000 மிச்சமாகும். மீதிப் பத்து மாதம் அது வாசலில் நிற்கும். மஞ்சள் போர்டு பெர்மிட், எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), டிரைவர் சம்பளம் வேறு.

கடிதத்தின் ஓரத்தில் ‘அடுத்த வருடம் கொடைக்கானல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ், அதாவது ஆன்லைனில் முன்கூட்டியே எடுக்கும் அனுமதி. 2025 கோடையில் வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. பாஸ் கிடைக்காவிட்டால் ஒரு பேட்ச்சின் அட்வான்ஸ் ரூ.1.2 லட்சத்தை முழுக்கத் திருப்பித் தர வேண்டியிருக்கும். அந்தத் தொகை உங்கள் சொந்தப் பணமாகத் தனியே சேரும்வரை ஏற்காட்டிலேயே இருங்கள்.